கோமாளிக்கு ஏடு இல்லை

நமது நாடக வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கண்ணீரின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். அரிச்சந்திரனுக்கும் நல்லதங்காளுக்கும் கோவலனுக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருக்கிறது. அவர்கள் அழுது ஓய்ந்த இடைவேளைகளில் வந்து, சபையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போன கோமாளிக்கோ ஓரிரு வரிகள்தான். இத்தொடரில் இவ்வாரம் அந்தக் கோமாளியைப் பற்றிப் பேசலாம் என நினைக்கிறேன். குறிப்பாக, வெள்ளைக்காரர் ஆட்சியில் அவன் எங்கெல்லாம் வாய் திறந்தான், அதற்கு என்ன விலை கொடுத்தான், மலையகத் தோட்டங்களில் அவன் என்ன ஆனான் என்பதைப் பற்றி.

முதலில் ஒரு சொல் ஆராய்ச்சி. சிரிப்பதற்கென்றே எழுதப்படும் நாடகத்தை வடமொழியில் பிரகசனம் என்பார்கள். காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ அந்த வகையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று. கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, புத்தபிக்கு ஒருவர்மீது பழி போடுகிறான். கடைசியில் பார்த்தால் அதை எடுத்துப் போனது ஒரு நாய். துறவிகளைக் கேலி செய்து எழுதியவன் நாட்டின் அரசன். அரசன் எழுதிய பிரகசனத்துக்குத் தடை போட ஆள் ஏது?

ஆங்கிலத்தில் இதனைப் ‘பார்ஸ்’ என்கிறார்கள். அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘திணித்தல்’ என்பது. கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது போல, ஐரோப்பாவின் பழைய சமய நாடகங்களுக்கு நடுவே கேலிக் காட்சிகளைத் திணித்து வைத்தார்கள். அதனால் வந்த பெயர். கம்பனி நாடக மேடையில் நாம் ‘பபூன்’ என்று அழைத்தவனும் ஆங்கிலச் சொல்லை அணிந்துகொண்டு வந்தவன்தான். ஆனால் ஆள் பழையவன். தெருக்கூத்தின் கட்டியக்காரன், நாட்டுக்கூத்தின் கோமாளி, எல்லாரும் அவன் பங்காளிகள். பூரணம் எல்லா ஊர்க் கொழுக்கட்டையிலும் உண்டு.

மகேந்திரவர்மனின் காலத்தில் சிரிப்பு மேலிருந்து கீழே இறங்கியது. காலனித்துவ காலத்தில் அது கீழிருந்து மேலே ஏறத் தொடங்கியது. அங்கேதான் வில்லங்கம்.

1875 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனான வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தார். கண்டிக்குச் சென்றார், தலதா மாளிகையைப் பார்த்தார், யானை வேட்டைக்குப் போனார். பின்னர் இந்தியா திரும்பி, அம்மாத இறுதியில் கல்கத்தா சேர்ந்தார். அங்கே ஜெகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர், பிறர் கண்படாத தன் வீட்டு அந்தப்புரத்துக்கே இளவரசரை அழைத்துச் சென்று, பெண்களைக் கொண்டு வரவேற்பளித்தார். ஊர் கொதித்தது. 1876 பெப்ரவரியில் கல்கத்தாவின் ‘கிரேட் நாஷனல் தியேட்டர்’ இதனை ஒரு பிரகசனமாக மேடையேற்றியது. பெயர் ‘கஜதானந்தனும் யுவராஜனும்’. பொலிஸ் தடுத்தது. நாடகக்காரர்கள் பெயரை ‘ஹனுமான் சரித்திரம்’ என்று மாற்றி மறுபடி ஆடினார்கள். அதுவும் தடுக்கப்பட்டது. அப்போது கல்கத்தாவின் பொலிஸ் ஆணையாளர் பெயர் ஹொக்; பொலிஸ் அத்தியட்சர் ஒருவரின் பெயர் லாம்ப். முதற்பெயர் காதுக்குப் பன்றியென ஒலிக்கும்; மற்றது ஆட்டுக்குட்டி. அடுத்த பிரகசனத்தின் தலைப்பு ‘பன்றி, ஆடு பொலிஸ்’ என்ற பொருளில் வந்தது!

சிரிப்பு அங்கே நின்றது. பெப்ரவரி 29 ஆம் திகதி அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மார்ச் 4 ஆம் திகதி தியேட்டருக்குள் பொலிஸ் நுழைந்தது. வேறொரு நாடகம் ஆபாசமானது என்று வழக்குத் தொடுத்து, நாடகாசிரியர் உபேந்திரநாத் தாஸையும் அமிர்தலால் பாசுவையும் தண்டித்தார்கள். மேல் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தே விட்டது. ஒரு வீட்டு விருந்தைக் கேலி செய்ததன் விளைவாகப் பிறந்த சட்டம், இந்தியா சுதந்திரம் பெற்ற பின்னரும் பல பத்தாண்டுகள் ஏட்டில் கிடந்தது.

மலையக வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இக்கதையில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு நியாயம் சொன்னவர்கள் எடுத்துக்காட்டிய நாடகங்களுள் ‘சா-கர் தர்ப்பண்’ என்பதும் ஒன்று. 1875 இல் வங்க மொழியில் வெளிவந்தது. தேயிலைத் தோட்டக்காரர்களின் கண்ணாடி என்று தமிழில் சொல்லலாம். அசாம் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையைப் பேசிய நாடகம் அது. அவுரித் தோட்டக்காரரைப் பற்றிய ‘நீல் தர்ப்பண்’ ஏற்கெனவே பெரும் புயலைக் கிளப்பியிருந்தது. ஆக, நாடகத் தடைச் சட்டத்தின் தொட்டிலருகே தேயிலைத் துரைமாரின் மானமும் நின்றுகொண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இலங்கையிலும் சட்டம் பின்தங்கவில்லை. பார்ஸிக் கம்பனிகளின் வருகையால் கொழும்பில் நாடகம் செழித்து, 1911 இல் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1912 இல், பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் வந்தது. மேடைக்கு அனுமதி, மண்டபத்துக்கு உத்தரவு என்று ஒழுங்குகள் பிறந்தன. ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பிடிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். ஒரு பிரதி வேண்டும், ஒரு மண்டபம் வேண்டும், எழுதியவன் என்று ஒருவன் வேண்டும். கல்கத்தாவில் இவை மூன்றும் இருந்தன. ஆகவே பிடிக்க முடிந்தது.

தோட்டத்தில் இவற்றுள் ஒன்றுமே இல்லை.

ஆனால் அதனால் தோட்டத்து மனிதன் தாராளமாகச் சிரித்துத் திரிந்தான் என்று எண்ணிவிட வேண்டாம். அவனைப் பிடிக்க வேறு சட்டம் இருந்தது. 1865 ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டம், வேலைக்கு வராமை, குடிபோதை, கட்டளை மீறுதல் ஆகியவற்றோடு ‘மிகுந்த துடுக்குத்தனம்’ என்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கி வைத்திருந்தது. துரையை எதிர்த்து ஒரு சொல், ஏன், ஏளனமாக ஒரு சிரிப்பு, ஒரு தொழிலாளியை நீதவான் முன் நிறுத்தப் போதுமானதாயிருந்தது. இந்தத் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீக்கப்பட்டன. பகல் வெளிச்சத்தில் சிரிப்பு குற்றமாக இருந்த மண்ணில், பிரகசனம் இரவைத் தேடிப் போனதில் வியப்பென்ன?

மலைநாட்டில் அக்காலத்தில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று கிளப். 1876 இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடங்களில் துரைமார் கூடினார்கள். ஆங்கிலேயர் குடியேறிய இடமெங்கும் லண்டனின் பழைய பார்ஸ்களைத் தாமே வேடமிட்டு நடித்துப் பொழுது போக்குவது வழக்கம். எசமானை ஏமாற்றும் வேலைக்காரன், அறை மாறிப் புகும் விருந்தாளி என்று அங்கே அவர்கள் தம்மைத் தாமே கேலி செய்து சிரித்துக்கொள்ளலாம். அதற்கு எவரும் வழக்குப் போடப் போவதில்லை.

மற்றது லயத்துக்கு முன்னால் இருக்கும் வெட்டவெளி. அங்கே பொன்னர் சங்கர் ஆடினார்கள், அருச்சுனன் தபசு ஆடினார்கள். மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேடக்காரர் லயம் லயமாகச் சென்று ஆடி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம் நடைபெறும். தவத்திலிருக்கும் சிவன்மீது மலரம்பு விட்டவன் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். பின்னர் அவன் உயிர் பெறுகிறான். இக்கதை தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கப்பலேறி, காடு கடந்து, கால்நடையாக இம்மலைகளுக்கு வந்தது. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு அழைத்த அதே தப்பு, இரவில் கூத்துக்கு அழைத்தது.

ரதியும் மதனும் நேர்த்திக்கடன் பூண்டவர்கள். அவர்கள் விளையாட முடியாது. வீரபத்திரனும் எமனும் பயங்கரமானவர்கள். இடையே உள்ள ஓட்டைகளையெல்லாம் நிரப்ப வருபவன் கோமாளி. குறவன் குறத்தியோடு வருவான், ஓலைத் தூதனோடு வருவான், அழைக்காமலும் வருவான். அவனுக்கு நேர்த்தியும் இல்லை, நேரமும் இல்லை.

1960களில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் சிறுவனாக நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். எமதருமன் கறுப்புச் சாந்து பூசி, பாசக்கயிற்றோடு ‘ஆஹா’ என்று களத்துக்குள் பாய்ந்து வருகிறார். பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குள் ஒளிகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கிழிந்த கால்சட்டை, சாக்கில் தைத்த தொப்பி, கையில் ஒரு மூங்கில் பிரம்பு சகிதம் கோமாளி நுழைந்தான். எமனை ஏற இறங்கப் பார்த்தான். கையில் கட்டியிராத கடிகாரத்தைப் பார்த்தான். மூக்கால் பேசினான்: “ஏ மேன்! நீ பேர் என்னா? பெரட்டு எத்தினி மணி? நீ இப்ப வாறது? கணக்கப்பிள்ளே! இந்த ஆளுக்கு அரைப்பேர் போடு!”

தோட்டம் அறியாதவர்களுக்கு: பேர் என்பது ஒரு நாள் வேலைக்குரிய கணக்கு. அரைப்பேர் போட்டால் நாள் முழுதும் உழைத்தாலும் பாதிச் சம்பளம். அன்று லயமே குலுங்கிச் சிரித்தது. உயிரை எடுக்க வருகிறவனுக்கே அரைப்பேர் போடும் அதிகாரம் இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பெயரைக் கோமாளி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அவன் பேசிய தமிழைக் கவனிக்க வேண்டும். துரைமார் தமிழ் கற்பதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கையேடுகள் அச்சாகின. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. வெல்ஸ் என்பவர் எழுதி 1915 இல் வெளிவந்த மற்றொன்றுக்கு ‘கூலித் தமிழ்’ என்று பெயர். மு. நித்தியானந்தன் தமது ‘கூலித்தமிழ்’ என்ற நூலில் இக்கையேடுகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வா, போ, எடு, வெட்டு என்று ஏவலிலேயே நடக்கும் மொழி அது. ‘வாங்க’, ‘இருங்க’ என்ற மரியாதைக்கு அங்கே இடம் குறைவு. பாட்டன் வயதுடையவரையும் ‘நீ’ என்று அழைக்கும் இந்தத் தமிழை வேறெங்கும் திருப்பிப் பேச முடியாது. பகலில் அதைக் கேட்டுத் தலை குனிந்தவன், இரவில் அதையே பேசிக் காட்டிச் சிரிக்க வைத்தான். துரையிடமிருந்து திருடி வந்த ஒரே சொத்து அவருடைய உச்சரிப்புத்தான் போலும்.

கொழும்புக்கு வந்த தென்னிந்தியக் கம்பனிகளின் நாடகங்களும், பின்னர் சினிமாவும், இந்தக் கோமாளிக்குப் புதிய உடைகள் கொடுத்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யில் எசமானும் வேலைக்காரனும் ஒரே பெயருடையவர்கள், இருவருமே அசடர்கள். 1941 இல் அது படமாகி, காளி என். ரத்தினத்தின் வேலைக்காரன் எல்லாரையும் சிரிக்க வைத்தான். எசமானின் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிக் காரியத்தைக் கெடுப்பது அவன் வழி. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தையைச் சினிமா கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதை வைத்துக்கொண்டு, கோமாளி ஒரு புரட்சிக்காரன் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கூத்துக்கு அரிசியும் எண்ணெயும் பணமும் கொடுத்தவர்களுள் பெரியங்காணியும் ஒருவர். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரும் அவரே. தன்னைப் பற்றிய கேலியை அவர் ஒரு வெற்றிலைச் சிரிப்போடு ஏற்றுக்கொள்வார். ஏனெனில் விடிந்தால் பெரட்டில் எல்லாம் பழையபடிதான். அதுமட்டுமன்று. கோமாளியின் பிரம்பு எப்போதும் மேல்நோக்கியே வீசப்படவில்லை. பெண்களையும், சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களையும், உடற்குறை உள்ளவர்களையும் அது தாராளமாகப் பதம் பார்த்தது. இன்று அதை நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை. அடக்கப்பட்டவனின் சிரிப்பு என்பதால் மட்டும் எல்லாச் சிரிப்பும் நியாயமாகிவிடாது.

ஆனாலும், அந்த ஒரு இரவில் துரையும் கங்காணியும் பார்த்துச் சிரிக்கத்தக்க மனிதர்கள் என்பது சபையறிய வெளிப்பட்டது. பயத்தின் மீது ஒரு சிறு கீறல் விழுந்தது. அந்தக் கீறலைப் பெரிதாக்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.

அவர் கோ. நடேசய்யர். தஞ்சையில் பிறந்தவர். 1919 ஐ ஒட்டி இலங்கைக்கு வந்த அவர், வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் புகுந்து, தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார் என்பது மலையக வரலாறு. மலைநாட்டின் தொழிற்சங்க வரலாறே ஒரு வேடத்தோடு தொடங்குகிறது பாருங்கள்! 1921 இல் ‘தேசநேசன்’, 1924 இல் ‘தேசபக்தன்’, 1931 இல் ஹட்டனைத் தளமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் சம்மேளனம், 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபை என்று அவர் பயணம் நீண்டது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் மக்களுக்குப் பழகிய மெட்டுக்களில் பாடினார். அப்பாடல்கள் 1940 இல் நூலாகவும் வந்தன.

1930களில் நடேசய்யர் ஒரு நாடக நூலும் எழுதினார். ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ என்பது அதன் பெயர். தலைப்பிலேயே கேலியும் கண்ணீரும் ஒரு நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்தியாவிலும் கால் ஊன்றாமல், இலங்கையிலும் கால் ஊன்றாமல் அந்தரத்தில் தொங்குகிற பிழைப்பு. அதையும் ஒரு நாடகமாகப் பார்க்கச் சொல்கிறார். கோமாளி இரவில் சொல்லிவிட்டுக் காற்றில் விட்டதை, இங்கே ஒருவர் தன் பெயரைப் போட்டு அச்சில் ஏற்றுகிறார். பிடிக்க விரும்புகிறவன் பிடித்துக்கொள்ளலாம். அந்தத் துணிச்சலின் பெறுமதி அதுவே. சாரல் நாடன் போன்றோர் தேடி எடுத்து எழுதியதால் நடேசய்யர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். அச்சில் இருந்ததால் தேட முடிந்தது.

கோமாளியை எங்கே தேடுவது?

இதுதான் நான் சொல்ல வந்த விடயத்தின் மையம். கூத்து மாஸ்டர்மாரின் கொப்பிகளில் ரதியின் புலம்பல் இருக்கும், வீரபத்திரனின் வரவுப்பாட்டு இருக்கும், தர்க்கப் பாடல்கள் இருக்கும். கோமாளி பேச வேண்டிய இடத்தில் ‘கோமாளி வரவு’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அவன் பேச்சு களத்திலேயே பிறந்து களத்திலேயே மறைந்தது. எழுதப்படாதிருந்ததால்தான் 1865 இன் சட்டத்தாலும் 1912 இன் சட்டத்தாலும் அவனைத் தொட முடியவில்லை. எழுதப்படாதிருந்ததால்தான் இன்று நம்மாலும் அவனைத் தொட முடியவில்லை. காப்பாற்றிய அதே மௌனம் அவனை விழுங்கிவிட்டது.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்ததால், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் ஏசும் பாடல்கள் பல நமக்கு மிஞ்சின. மாத்தளை வடிவேலன் போன்றோர் காமன் கூத்து முதலான கலைகளைப் பற்றி எழுதியதால் ஆட்டமுறைகளும் சடங்குகளும் பதிவாயின. கோமாளியின் வசனங்களுக்கு அப்படியொரு தொகுப்பு இல்லை. பாடலுக்கு மெட்டு இருக்கிறது, அது தன்னைத் தானே ஞாபகப்படுத்திக்கொள்ளும். பகிடிக்கு அந்த வசதி கிடையாது. அந்தந்த நாளின் துரையும், அந்தந்த நாளின் அரைப்பேரும் தெரிந்தவர்கள் போய்விட்டால் அது வெறும் சொல்லாகிவிடும்.

போய்விட்டார்களே! 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று கணக்குப் போட்டது. தலைமன்னாருக்குப் போன ரயிலை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். அந்தக் கோச்சியில் தகரப் பெட்டிகளோடு எத்தனை கூத்து மாஸ்டர்கள், எத்தனை தப்படிப்பவர்கள், எத்தனை கோமாளிகள் ஏறினார்கள் என்று எந்தக் குடிவரவுப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. தொழில் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்: தொழிலாளி. சிலர் நீலகிரியின் தேயிலைக் காடுகளுக்கு மறுபடி கூலிகளாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

இருந்தவர்களும் முதுமை அடைந்துவிட்டார்கள். காமன் கூத்து இன்னும் பல தோட்டங்களில் நடைபெறுகிறது, மகிழ்ச்சி. பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளிலும் கலாசார விழாக்களிலும் அதன் ஒரு துண்டை வெட்டி எடுத்து இருபது நிமிடத்தில் ஆடிக் காட்டுகிறார்கள். அப்படி வெட்டும்போது முதலில் வெட்டுப்படுகிறவன் கோமாளிதான். நேரம் போதாது, கொச்சையாகப் பேசுவான், கண்ணியம் கெட்டுவிடும் என்று காரணம் சொல்கிறார்கள். கல்கத்தாவில் ஒரு பிரகசனக்காரனை நிறுத்த ஒரு சட்டமும் பொலிஸ் படையும் தேவைப்பட்டன. நமக்கு ஒரு நிகழ்ச்சி நிரலே போதும்.

ஆகவே வாசகர்களிடம், குறிப்பாக மலையகத்து ஆசிரியர்களிடமும் பல்கலைக்கழக மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் எழுபது, எண்பது வயதைக் கடந்த ஒருவர், கோமாளி வேடம் கட்டியவரோ அவனைப் பார்த்துச் சிரித்தவரோ, இன்னும் இருக்கக்கூடும். போய் உட்கார்ந்து, அவரைச் சிரிக்க வைத்த ஒரே ஒரு பகிடியைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். கொச்சையாக இருந்தால் கொச்சையாகவே எழுதுங்கள். நம்மைப் புண்படுத்துவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது, எந்த ஆண்டளவில் என்பதையும் பக்கத்திலே குறித்துவிடுங்கள்.

நம் பாட்டன்மார் எப்படி அழுதார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைப் பல நூல்கள் சொல்லியிருக்கின்றன. அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் தெரிந்தால்தான் அவர்களை முழு மனிதர்களாக நாம் அறிந்தவர்களாவோம்.